டெய்லர் பாலகணேஷ்

கோவில்பட்டியில் குருசாமி வீடு எது என்று கேட்டால் நாலு பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். டெய்லர் வீடு எது என்று கேட்டால் பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டுக் கூடவே வந்து காட்டுவார். எட்டயபுரம் ரோட்டில் ஆறு தையல் கடைகள் இருக்கின்றன. ஆனாலும் டெய்லர் என்றால் அவர் ஒருவர்தான், மற்றவர்கள் எல்லாம் தைக்கிறவர்கள். கரண்டு கணக்கெடுக்க வருகிறவருக்கும் அவர் டெய்லர், கோயில் வரி கேட்டு வருகிறவருக்கும் டெய்லர். கல்யாணப் பத்திரிகை உறையின் மேலே 'உயர்திரு டெய்லர் அவர்கள், குடும்பத்துடன்' என்று எழுதியிருக்கும். அறுபத்தெட்டு வயதில் அவருக்கே தன் சொந்தப் பேர் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

வீட்டுக்குள் மட்டும் அந்த வார்த்தை கிடையாது. பத்தொன்பது வருடமாகக் கிடையாது.

காரணம் மகன் பாலகணேஷ். அப்போது அவன் பத்தாம் வகுப்பு. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் குருசாமி கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டு போய், பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி யூனிபாரத்துக்கு அளவெடுப்பார். அந்த வருடம் அவர் பத்தாம் வகுப்புக்குள் நுழைந்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவன், "ஏலே டெய்லர், எனக்குக் கால் கொஞ்சம் லூசா வேணும்னு ஒங்கப்பாட்டச் சொல்லுலே" என்றான். வகுப்பே சிரித்தது. அன்று முழுக்க அவனுக்கு அதுதான் பேர். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையை வீசிவிட்டு, "இனிமே நீங்க ஸ்கூலுக்கு வராதீங்க. வெளியிலதான் டெய்லர் டெய்லர்னு உசுர வாங்குதானுவ, வீட்லயாவது அந்தப் பேச்சு வேண்டாம்" என்று கத்தினான். கத்திவிட்டு அழுதான். மறு வருடத்திலிருந்து அளவெடுக்க மகள் சுதாராணி போனாள். இன்றைக்கும் அவள்தான் போகிறாள்.

சுதாராணிக்கு நாற்பத்தொன்று. இரண்டு தெரு தள்ளித்தான் கட்டிக்கொடுத்திருக்கிறது. கணவன் மாரிசெல்வத்துக்கு மணியாச்சியில் ரயில்வே வேலை. அவன் கிளம்பிப் போனதும் இவள் அப்பாவின் கடைக்கு வந்துவிடுவாள். முன்பாதி அப்பாவுக்கு, சட்டை பேண்ட் யூனிபாரம். பின்பாதி இவளுக்கு, ஜாக்கெட் சுடிதார். அம்மா இறந்து எட்டு வருடமாக அப்பாவுக்குச் சோறும் குழம்பும் இவள் பொறுப்புதான். தங்கமான மனுஷி, சந்தேகமே இல்லை. ஆனால் காதில் ஒரு சேதி விழுந்தால் அதைப் பத்துப் பேருக்குச் சொன்னால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பித்தது.

போன ஆவணியில் கனடாவில் பாலகணேஷுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பத்து நாள் கழித்து சுதாராணியின் போனில் அவன் குரல் வந்து விழுந்தது.

"அக்கா, பாப்பாவுக்குப் பேரு பதிஞ்சாச்சு. டெய்லர். ஃபுல் நேம் டெய்லர் பாலகணேஷ். அப்பாட்டச் சொல்லிரு. ஆபீஸ் போயிட்டு வந்து கூப்பிடுதேன்."

அவள் ஒரு தடவை கேட்டாள். நம்பாமல் மறுபடி கேட்டாள். மூன்றாம் தடவை கேட்கும்போது கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. தம்பிக்கு மனசு மாறிவிட்டது என்று அவளுக்கு ஒரே நிச்சயம். சின்ன வயதில் அப்பாவை அப்படிப் பேசியதற்கு வாயால் மன்னிப்புக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, பிள்ளையின் பேரில் கேட்டுவிட்டான். இதைவிட வேறு அர்த்தம் அந்த வார்த்தைக்குக் கோவில்பட்டியில் எங்கே இருக்கிறது?

"அப்பா, மெஷின நிறுத்துங்க. ஒங்க மகன் பிள்ளைக்கு ஒங்க பேர வச்சிருக்கான்."

"குருசாமின்னா? பொம்பளப் பிள்ளைக்கா?"

"குருசாமிய யாருக்குத் தெரியும்? ஒங்க பேரு, டெய்லர்னு வச்சிருக்கான்."

குருசாமி மெஷினை நிறுத்தவில்லை. தலையை இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டு ஓட்டினார். ஓட்டி முடித்துப் பார்த்தால் சட்டைக்கு இரண்டு பக்கமும் இடது கையாக இருந்தது. நாற்பத்தைந்து வருடத்தில் அவர் அப்படி ஒரு தப்புச் செய்ததில்லை. பிரித்துக்கொண்டே சிரித்தார். சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினார். சுதாராணிக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கடையில் ஆள் இருந்ததால் டீ வாங்கி வரச் சொன்னாள்.

அந்த டீ வாங்கப் போன இடத்திலேயே அவர் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அதிகம் பேசாத மனிதர், அந்த ஒன்பது மாதத்தில் பேசிய பேச்சுக்குக் கணக்கே இல்லை. ஓட்டல்காரர், "டெய்லர்னு எல்லாம் பேரு வப்பாவளா? அப்ப எம் பேத்திக்குப் புரோட்டா மாஸ்டர்னு வச்சிருதேன்" என்று கிண்டல் செய்தார். குருசாமி கோபப்படவில்லை. "எம் மவன் வச்சிருக்கான்" என்று மட்டும் சொன்னார். எந்தக் கேள்விக்கும் அதுதான் பதில். கைக்கு வந்த நல்ல துணியில் எல்லாம் மாதத்துக்கு ஒன்றிரண்டு கவுன் தைத்தார். பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று போன் படத்தைப் பார்த்து அளவைத் தீர்மானிப்பார். மகனிடம் மட்டும் அந்தப் பேரை உச்சரிக்க அவருக்கு நாக்கு எழவில்லை. வீட்டுக்குள் அந்தப் பேச்சு வேண்டாம் என்று அவன் சொன்னது சொன்னபடியே அவருக்குள் இருந்தது. அதனால் வீடியோவில் பேத்தியை "தாயி, தாயி" என்றே கொஞ்சினார். நேரில் வரட்டும், அவனாகவே அந்தப் பேரைச் சொல்லட்டும் என்று காத்திருந்தார். அதுவரை அவனிடம் அதைப் பற்றிக் கேட்க வேண்டாம் என்று சுதாராணியையும் தடுத்து வைத்திருந்தார்.

சித்திரையில் டிக்கெட் போட்டுவிட்டதாகத் தம்பி மனைவி பேசினாள். செண்பகவல்லி எட்டயபுரத்துப் பெண், கெட்டிக்காரி. வைகாசியில் வந்து, ஊரில் வைத்து முறைப்படி பேர் வைத்துவிட்டுப் போகலாம் என்று திட்டம். சுதாராணி கடையின் பின்பாதியில் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டே பேசினாள். பேச்சோடு பேச்சாக, "ஏன் செண்பகம், இந்தப் பேர மொதல்ல யாரு சொன்னது, நீயா அவனா?" என்று கேட்டாள்.

"நாந்தான் மதினி. இங்கன இப்பக் குடும்பப் பேரத்தான் பிள்ளைகளுக்குப் பேரா வைக்காவ. கார்ட்டர், மேசன், பார்க்கர்னு பக்கத்து வீடு எல்லாம் அப்படித்தான். எம் பேர ஆபீஸ்ல சொல்ல வராம 'ஷென்'னு வெட்டிட்டாவ. எம் பிள்ள பேரையாவது ஒருத்தரும் வெட்டக் கூடாதுன்னு நெனச்சேன்."

"அதுக்கெல்லாம் அர்த்தம் உண்டா?"

"இருக்கு மதினி. கார்ட்டர்னா வண்டிக்காரர், மேசன்னா கொத்தனார். முந்தி அவிய தாத்தா பூட்டன் செஞ்ச தொழில். நம்ம ஊர்ல வண்டிக்காரர் வீடு, கொத்தனார் வீடுங்கோம்லா, அதே மாதிரிதான். இப்ப யாரும் அத நெனைக்கிறதில்ல."

சுதாராணியின் கையில் ஊசி ஏறிவிட்டது. "அப்ப டெய்லர்?" என்று கேட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து, "ஐயையோ, மாமா" என்று செண்பகவல்லியின் குரல் மட்டும் சின்னதாகக் கேட்டது.

அடுத்த நிமிடம் போன் பாலகணேஷ் கைக்குப் போனது. அவன் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னான். "எனக்குத் தோணவே இல்லக்கா. சத்தியமாத் தோணல."

"எப்படிலே தோணாமப் போவும்? அந்த ஒரு வார்த்தைக்குத்தான நீ அப்பாவ ஸ்கூல் பக்கமே வரவிடாம வச்ச?"

"இங்கன அது வேற மாதிரிக் காதுல விழுதுக்கா. பிள்ளைய மடியில வச்சிக்கிட்டு நூறு தடவ கூப்பிட்டிருக்கேன். ஒரு தடவகூட அப்பா ஞாபகம் வரல."

அவன் மறைக்காமல் சொன்னான். அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. மறந்தே போய்விட்டதாகச் சொல்கிறவனை எந்த வாயால் திட்டுவது? முன்பாதியில் அப்பா பத்தாவது கவுனுக்கு லேஸ் வைத்துக்கொண்டிருந்தார். சுதாராணி குரலைத் தாழ்த்தி, "அப்பாட்ட ஒண்ணும் சொல்லாத. அவியளுக்காக வச்சதாவே இருந்துட்டுப் போகட்டும். ஒனக்கு ஒரு நட்டமும் இல்ல" என்றாள். அவன் சரிக்கா என்றான். தான் அவசரப்பட்டுச் சொன்ன சொல்லுக்கு இனிமேல் தானே காவல் இருக்க வேண்டும் என்று அவளுக்குப் புரிந்தது.

வைகாசியில் வந்தார்கள். ஒன்பது மாதக் குழந்தை, தாத்தாவின் மூக்கு, செண்பகவல்லியின் கண். குருசாமி பதினொரு கவுன்களையும் கட்டிலில் பரப்பி வைத்திருந்தார். எட்டு சரியாக இருந்தன. இரண்டு நாள் எல்லாரும் பிள்ளையைப் பாப்பா என்றே கொஞ்ச, வீடு நன்றாகத்தான் போனது. மூன்றாம் நாள் காலையில் எல்லாரும் உட்கார்ந்து இட்லி சாப்பிடும்போது அச்சகம் வைத்திருக்கும் இசக்கிதுரை கூப்பிட்டார். கை ஈரமாக இருந்ததால் குருசாமி ஸ்பீக்கரில் போட்டார்.

"டெய்லரே, பேர் வைக்கிற பத்திரிகைக்கு மாதிரி அனுப்பியிருக்கேன், பாத்துச் சொல்லுங்க. ஒரு சந்தேகம். மகன் எப்பத்துல இருந்து ஒங்க தொழிலுக்கு வந்தாப்ல? கனடாவுல கிளை தொறந்தாச்சோ?"

பாலகணேஷ் போனை எடுத்துப் பார்த்தான். பூப் போட்ட அட்டையில், நடுவில், கொட்டை எழுத்தில் 'டெய்லர் பாலகணேஷ்' என்று இருந்தது. ஆங்கிலத்தில் எழுதியபோது பிள்ளையின் பேராக இருந்தது, தமிழில் அச்சடித்ததும் கடை போர்டாக மாறியிருந்தது. அவன் முகம் சுருங்கியதை சுதாராணி பார்த்தாள். முப்பத்துநாலு வயதுக்காரன் எழுந்து போய்விட, பை வீசிய பத்தாம் வகுப்புப் பையன் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தான்.

கை கழுவும் சாக்கில் அவன் அக்காவையும் மனைவியையும் அடுப்படிக்குக் கூட்டிப் போனான். "கார்டுல அந்தப் பேரு வேண்டாம்க்கா. இங்கன தியான்னு சொல்லிக்கிடுவோம். தொட்டில்ல பேரு சொல்லும்போதும் அதையே சொல்லிரு. ஊரு சிரிக்கும்."

"அவளுக்கு அது பேரே இல்லியே. கூப்பிட்டாத் திரும்ப மாட்டா" என்றாள் செண்பகவல்லி.

"நாலு நாளைக்குத்தான."

"அப்பாவ நெனச்சுப் பாத்தியால? எங்கிட்டச் சரின்னு சொன்ன" என்றாள் சுதாராணி.

அவள் சொல்லி வாய் மூடவில்லை, அடுப்படி வாசலில் குருசாமி காலித் தட்டோடு நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருந்தார் என்று மட்டும் தெரிந்தது. தட்டைத் தொட்டியில் வைத்தார். "தியா. நல்லாத்தான் இருக்கு, கூப்பிடச் சுருக்கமா" என்றார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

முதலில் அச்சகத்துக்குப் போய்ப் பேரை மாற்றினார். அப்புறம் ஓட்டல்காரர், பால்காரர், மருந்துக்கடை என்று ஒன்பது மாதமாக யார் யாரிடம் சொன்னாரோ அத்தனை பேரிடமும் போய், "எனக்குக் காது மந்தமாயிட்டு. மவன் சொன்னது தியா. நாந்தான் டெய்லர்னு கேட்டுட்டுத் தெருத் தெருவா உளறிட்டேன்" என்றார். தியாவுக்கும் டெய்லருக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருத்தர் விடாமல் சிரித்தார்கள். அவரும் கூடவே சிரித்தார். மகனைப் பார்த்து ஊர் சிரிக்கக் கூடாது என்று, சிரிப்பை வாங்கித் தன் மேல் போட்டுக்கொண்டார்.

மதியம் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து சுதாராணி அவர் எதிரே போய் நின்றாள். "தப்பாக் கேட்டது நீங்க இல்ல, நான். அவன் சும்மா பேரத்தான் சொன்னான். ஒங்களுக்காகன்னு நானாச் சேத்துச் சொல்லிட்டேன்."

குருசாமி கத்தரியைக் கீழே வைத்தார். "நீ சொன்னப்பவே எனக்கு ஒரு ஓரத்துல இடிச்சுது தாயி. எம் பிள்ளையப் பத்தி எனக்குத் தெரியாதா? இருந்தாலும் நம்புனா நல்லா இருந்துச்சு. ஒம்பது மாசம் நல்லாவே இருந்துச்சு" என்றார். பிறகு, "அவனுக்குச் சங்கடம்னா நமக்கு எதுக்கு அந்தப் பேரு? விடு" என்று மறுபடி கத்தரியை எடுத்துக்கொண்டார். சுதாராணி பின்பாதிக்குப் போய், ஒரு ஜாக்கெட்டைத் தூக்கி முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அது குளத்தூர்க் கல்யாணப் பெண்ணின் பட்டு ஜாக்கெட் என்று அப்புறம்தான் கவனித்தாள்.

மறுநாள் பாலகணேஷ் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தான். என்னவோ சொல்ல வந்தவன் மாதிரி பெஞ்சில் உட்கார்ந்து விரலால் நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடம் திறக்கப் போகிற சமயம், கடையில் கூட்டம் வந்துகொண்டே இருந்தது.

பொன்மணி டீச்சர் படியேறும்போதே, "டெய்லரே, எம் மகன் பேண்ட் ஆயாச்சா?" என்றாள்.

குழந்தை படக்கென்று வாசல் பக்கம் திரும்பிச் சிரித்தது. தன்னைத்தான் கூப்பிட்டார்கள் என்று கையை நீட்டியது. பாலகணேஷ் அவசரமாக அதன் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, "தியாக்குட்டி, இங்க பாரு" என்றான். குழந்தை அவனை அந்நியனைப் போலப் பார்த்துவிட்டு மறுபடி வாசலைப் பார்த்தது.

அடுத்து ஒரு பெரியவர் கைலி மூட்ட வந்தார். "டெய்லர் இருக்காவளா?" குழந்தை திரும்பியது. ரோட்டில் பைக்கில் போனவன் ஒருவன், "டெய்லரே, சாயங்காலம் வாரேன்" என்று கத்திக்கொண்டே போனான். குழந்தை பைக் மறைகிற வரைக்கும் தலையைத் திருப்பிப் பார்த்தது. பொன்மணி டீச்சர் விவரமானவள். பேண்டைப் பையில் போட்டபடி, "பேரு தியான்னு சொன்னீங்க, இவ டெய்லருக்குல்லா திரும்புதா?" என்றாள்.

பாலகணேஷ் வாயைத் திறந்தான். அதற்குள் குருசாமி, "மெஷின் சத்தம் டீச்சர். புதுசுல்லா, சத்தம் கேட்டாத் திரும்புதா" என்றார்.

மெஷின் ஓடவே இல்லை. அவர் கையில் இருந்தது பொத்தான் ஊசி. டீச்சர் அதைக் கவனித்தாளோ இல்லையோ, பாலகணேஷ் கவனித்தான். மெஷினைப் பார்த்தான், அப்பாவின் கையைப் பார்த்தான், அப்புறம் தரையைப் பார்த்தான். திரைச்சீலைக்குப் பின்னால் நின்ற சுதாராணிக்குத் தம்பி மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் பாதியாகக் குறைந்தது. பார்க்கப் பாவமாக இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை விசேஷம். வாசலில் பந்தல், கூடத்தில் உத்தரத்திலிருந்து சேலைத் தொட்டில். தெரு முழுக்க வந்திருந்தது. பாலகணேஷோடு பத்தாவது படித்த நாலைந்து பேரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். வந்திருந்த ஆண்களில் பாதிப் பேர் போட்டிருந்த சட்டை குருசாமி தைத்தது. அவர் மட்டும் கூடத்தின் கடைசியில், தண்ணீர்க் கேன்களுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். முன்னால் வரச் சொன்னதற்கு, பந்தியைக் கவனிக்க ஆள் வேண்டாமா என்றார்.

சடங்கை நடத்தியது வெயிலுகந்தம்மாள். குருசாமியின் அக்கா, குளத்தூர்க்காரி. இந்தக் குடும்பத்தில் எந்தக் குழந்தைக்குப் பேர் வைத்தாலும் அவள் வைத்ததுதான் சட்டம். குழந்தைக்குப் பொட்டு வைத்துத் தொட்டிலில் போடச் செய்தாள். சுதாராணி அத்தை முறைக்குப் புதுச்சேலையைத் தோளில் வாங்கிக்கொண்டு தொட்டில் பக்கம் வந்தாள். இந்த வாயால்தான் ஒன்பது மாதம் முன்னால் அப்பாவுக்கு ஒரு பேரைக் கொடுத்தாள். இதே வாயால் இப்போது, அவர் பார்த்துக்கொண்டு நிற்க, அதைப் பிடுங்க வேண்டும்.

"மொதல்ல கேளுட்டி. கேக்காமலே சொல்லப் போறியே, மொறை மறந்துட்டா?" என்றாள் வெயிலுகந்தம்மாள்.

ஆமாம், கேட்க வேண்டும். இவர்கள் வீட்டில் அத்தை குழந்தையின் காதில் பேர் சொல்லுமுன் தகப்பனைப் பார்த்துக் கேட்க வேண்டும். அதுவும், என்ன பேரு என்று கேட்கிறதில்லை. யாரு பேரு என்றுதான் கேட்பது. தாத்தா பேரு, குலசாமி பேரு, செத்துப்போன சின்னத்தை பேரு என்று ஏதாவது ஒரு பதில் வர வேண்டும். யாருடைய பேரும் இல்லாத பேரை இந்த வீட்டுத் தொட்டிலில் இதுவரைக்கும் சொன்னதில்லை.

சுதாராணி தம்பியைப் பார்த்தாள். "யாரு பேருலே?" என்றாள்.

பாலகணேஷ் பட்டு வேட்டியின் கரையைத் திருகிக்கொண்டு நின்றான். தியா யாருடைய பேர்? அவன் ஆபீஸில் ஒருத்தியின் பேராக இருக்கலாம். அவன் செண்பகவல்லியைப் பார்த்தான். அவள் லேசாகத் தலையசைத்தாள். பின்வரிசையில் நின்ற பழைய கூட்டாளிகளைப் பார்த்தான். அப்புறம் தண்ணீர்க் கேன்களின் பக்கம் பார்த்தான். அங்கே அவன் அப்பா தரையில் சிந்தியிருந்த தண்ணீரைக் காலால் ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தால் மகனுக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

"டெய்லர்" என்றான் பாலகணேஷ்.

"சத்தமாச் சொல்லுப்பா. காதுல விழல" என்றாள் வெயிலுகந்தம்மாள்.

"டெய்லர் பேரு. எங்கப்பா பேரு அத்த."

குரல் உடைந்து, கடைசி வார்த்தை பாதிதான் வந்தது. பின்வரிசையில் ஒருவன் சிரிக்கத் தொடங்கி, பக்கத்தில் நின்ற மனைவி இடித்ததில் நிறுத்திக்கொண்டான். வெயிலுகந்தம்மாள் ஒரு நிமிடம் யோசித்தாள். "எந்தம்பி பேருதான? ஊரே சொல்லுத பேரு. சொல்லுட்டி" என்று உத்தரவு கொடுத்தாள்.

சுதாராணிக்குக் கண் மறைத்தது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு தொட்டிலுக்குள் குனிந்தாள். முதல் தடவை காதோடு காதாகச் சொன்னாள். இரண்டாம் தடவை கொஞ்சம் கூட்டிச் சொன்னாள். மூன்றாவது ஊருக்குக் கேட்க வேண்டியது. நிமிர்ந்து, முழுத் தொண்டையில், இந்த வீட்டுக்குள் பத்தொன்பது வருடமாகத் தான் வாய்விட்டுச் சொல்லாத அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"டெய்லர்."

"இந்தா வாரேன்" என்றார் குருசாமி, கேனுக்குப் பக்கத்திலிருந்து, பழக்கத்தில்.

கூடமே கொல்லென்று சிரித்தது. பாலகணேஷும் அழுதுகொண்டே சிரித்தான். குருசாமிக்கு அப்புறம்தான் உறைத்தது, கூப்பிட்டது தன்னை அல்ல என்று. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். ஆனால் தொட்டிலில் இருந்தவளும் தன் பேரைக் கேட்டு எழுந்து உட்கார்ந்து, பதில் வந்த திசையில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தாள். பாலகணேஷ் ஆட்களை விலக்கி வழி விட்டான். வருகிறேன் என்று சொல்லிவிட்ட மனிதர், வேறு வழியில்லாமல், பேத்தியை நோக்கி நடந்து வந்தார்.